வி.எஃப்.டி. போட்டதிலிருந்து பேரிங் நிற்கவே மாட்டேங்குது: எங்கிருந்து யோசிக்கத் தொடங்குவது?

ஈரோடு_ஷிஃப்ட் | திங்கள், காலை 9:40

வணக்கம். நூற்பாலை ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் உள்ள சப்ளை ஃபேன். மோட்டார் 22 கிலோவாட், 4 போல், 415 வோல்ட், 180 எல் ஃபிரேம். வி-பெல்ட் டிரைவ். முன்னும் (புல்லி பக்கம்) பின்னும் 6310 சி3 பேரிங்.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்டரில், நேரடி சப்ளையில் ஓடியவரை பேரிங் பிரச்சினை என்று ஒன்றுமே இல்லை. கரண்ட் மிச்சம் பிடிக்க வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) போட்டு, இப்போது 35 முதல் 45 ஹெர்ட்ஸுக்குள் ஓட்டுகிறோம். அதிலிருந்து நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை பேரிங் கத்த ஆரம்பித்துவிடுகிறது.

பேரிங் கம்பெனியை மாற்றியாச்சு. கிரீஸை மாற்றியாச்சு. பெல்ட் டென்ஷன் குறைத்து, புல்லி அலைன்மென்ட்டும் நூல் பிடித்துப் பார்த்தாச்சு. ஷாஃப்டுக்கும் பாடிக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் ஏ.சி. 1 வோல்ட்கூட வரவில்லை. அதனால் கரண்ட் காரணம் இல்லை என்று எலக்ட்ரிகல் பக்கம் சொல்லிவிட்டார்கள். மேலிடத்தில் "வித்தியாசமா யோசிங்க" என்கிறார்கள். மோட்டாரையே மாற்றுவதா, வேறு வழி உண்டா?

---

அதிர்வுமானி | திங்கள், காலை 10:25

வித்தியாசமாக யோசிப்பதற்கு முன்னால் கழற்றிய பேரிங்கைப் பாருங்கள். பழைய இரும்புக் கூடையில் போட்டிருந்தால் எடுத்து வாருங்கள். காரணம் அதற்குள்ளேதான் எழுதியிருக்கும்.

சுத்தியால் உடைக்க வேண்டாம். உடைக்கும் அடியே ரேஸில் (பந்து ஓடும் வளையத்தில்) தடம் பதித்து உங்களைக் குழப்பும். முதலில் உள்ளே இருக்கும் கிரீஸில் கொஞ்சம் எடுத்து வெள்ளைக் காகிதத்தில் தடவி வையுங்கள். பிறகு அவுட்டர் ரேஸை எதிரெதிர் இரண்டு இடத்தில் கிரைண்டரால் முக்கால் ஆழம் அறுத்து, வைஸில் வைத்துப் பிளந்து, மண்ணெண்ணெயில் கழுவுங்கள். 10 மடங்கு லென்ஸ் போதும்.

பார்க்க வேண்டியது பந்து ஓடிய தடத்தை. தடம் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குச் சாய்ந்து போனால் அலைன்மென்ட் கோளாறு. பந்துக்குப் பந்து உள்ள இடைவெளியிலேயே குழிகள் இருந்தால், நின்றிருந்த மோட்டார் பக்கத்து மெஷின் அதிர்வில் ஆடியிருக்கிறது, அல்லது யாரோ வெல்டிங் எர்த்தை தூரத்தில் மாட்டி, கரண்ட் பேரிங் வழியாகத் திரும்பியிருக்கிறது. தாறுமாறான பள்ளங்கள் என்றால் தூசி, பஞ்சு. தடத்துக்குக் குறுக்காக, நெருக்கமாக, சம இடைவெளியில் கோடு கோடாக இருந்து, தடமும் சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தால் அது மின்சாரம் செய்த வேலை. கிரீஸும் கறுத்திருக்கும்.

இன்னொன்று: பெல்ட் இழுவைதான் காரணம் என்றால் புல்லி பக்க பேரிங்தான் முதலில் போக வேண்டும். இரண்டும் சேர்ந்து போகிறதா? அதையும் சொல்லுங்கள்.

---

ஈரோடு_ஷிஃப்ட் | திங்கள், மாலை 5:10

கடைசியாகக் கழற்றிய ஜோடி ஸ்டோரில் இருந்தது. நீங்கள் சொன்னபடியே அறுத்துப் பார்த்தோம். அவுட்டர் ரேஸில் அடிப்பாகத்தில் குறுக்குக் கோடுகள், ஏறக்குறைய ஒரு மி.மீ. இடைவெளியில், வரிசை தப்பாமல். தடம் பளபளப்பில்லாமல் மங்கலாக இருக்கிறது. கிரீஸ் கன்னங்கரேல் என்று இருக்கிறது. இரண்டு பக்க பேரிங்கிலும் இதே கதைதான். பின்பக்கத்தில் கொஞ்சம் கூடுதல்.

ஆனால் மல்டிமீட்டர் ஒன்றும் காட்டவில்லையே?

---

கோவை_வைண்டர் | திங்கள், இரவு 8:05

இதுக்கு ரொம்ப யோசிக்க வேண்டாங்க. பின்பக்கத்துக்கு இன்சுலேட்டட் பேரிங் வாங்கிப் போடுங்க. அவுட்டர் ரேஸ் மேல அலுமினியம் ஆக்சைடு பூசினது கிடைக்குது. வெளி அளவு, உள் அளவு மாறாது, அப்படியே உட்காரும். பூச்சு உரியாம அழுத்துறதுக்கு மட்டும் ஆளு பழகினவரா இருக்கணும். பெரிய மோட்டார் எல்லாத்துக்கும் காலங்காலமா இதுதான் வைத்தியம்.

---

தாமிரச்சுருள் | திங்கள், இரவு 9:30

வைண்டர் அண்ணன் சொல்வது சரியான வைத்தியம்தான். ஆனால் அது வேறு நோய்க்கு உரியது. இந்த மோட்டாருக்கு அது மட்டும் போதாது.

ஷாஃப்ட் கரண்ட் புதுசு இல்லை. ஆல்ஜர், சாம்சன் என்ற இருவர் 1924-லேயே இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்து நோய் என்னவென்றால், ஸ்டேட்டார் கோரில் (சுற்றாத வெளிப்பாகத்தின் இரும்பில்) காந்தப்புலம் சீராக இல்லாதபோது ஷாஃப்டின் ஒரு நுனிக்கும் மறு நுனிக்கும் நடுவே வோல்டேஜ் உண்டாகும். கரண்ட் முன் பேரிங், பாடி, பின் பேரிங், ஷாஃப்ட் என்று வட்டம் சுற்றும். வட்டத்தை ஓர் இடத்தில் வெட்டினால் முடிந்தது. பின்பக்கம் மட்டும் இன்சுலேஷன் போடுவது அதனால்தான்.

வி.எஃப்.டி.யில் வருவது வட்டம் சுற்றும் கரண்ட் மட்டும் இல்லை. மூன்று ஃபேஸின் நடுப்புள்ளியே (ஸ்டார் பாயின்ட்) எர்த்தைப் பொறுத்து மேலும் கீழும் குதிக்கிறது. கணக்கு இதோ: 415 வோல்ட் உள்ளே போனால், டிரைவுக்குள் அது டி.சி.யாக மாறி நிற்கும் பஸ் ஏறக்குறைய 585 வோல்ட். மூன்று ஃபேஸும் ஒரே பக்கம் சுவிட்ச் ஆகும் கணத்தில் மூன்றின் சராசரி 292 வோல்ட், மற்ற நேரங்களில் 97 வோல்ட், பிளஸிலும் மைனஸிலும். இந்தச் சராசரிக்குப் பெயர்தான் காமன் மோடு வோல்டேஜ். சப்ளை நேராக இருந்தபோது மூன்று ஃபேஸின் சராசரி பூஜ்யம், ஆகவே தொந்தரவு இல்லை.

காயிலுக்கும் ரோட்டாருக்கும் (சுழலும் உள்பாகத்துக்கும்) நடுவே உள்ள காற்று இடைவெளி ஒரு கெப்பாசிட்டர். அதன் வழியாக அந்தக் குதிப்பில் ஒரு பங்கு ரோட்டாரில் ஏறும். பல மோட்டார்களில் 2 முதல் 10 சதவீதம் வரை என்பார்கள். 5 சதவீதம் என்று வைத்தாலே 15 வோல்ட். பேரிங்கில் எண்ணெய்ப் படலம் ஒரு மைக்ரான் அளவுக்கும் குறைவு. அதால் இதைத் தாங்க முடியாது. படலம் உடைந்து பொறி பறக்கும். எஃகில் ஒரு நுண்குழி விழும். டிரைவ் வினாடிக்கு ஆயிரக்கணக்கில் சுவிட்ச் ஆகிறது. மீதியை நீங்களே கணக்குப் போடலாம்.

இப்போது பின்பக்கத்தை மட்டும் இன்சுலேட் செய்தால் ரோட்டாரில் ஏறிய சார்ஜ் முன்பக்கத்தில் இறங்கும். வட்டம் சுற்றும் கரண்ட் பெரிய மோட்டார்களின் நோய். பொதுவாக 100 கிலோவாட்டுக்கு மேல்தான் அது முதன்மையாக நிற்கும். 22 கிலோவாட்டில் பெரும்பாலும் இந்தப் பொறிதான்.

கைவந்த விடை கண்ணை மறைப்பதைப் பற்றி ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. மூன்று ஜாடிகள்: 21, 127, 3 அளவு. 100 அளவு தண்ணீர் வேண்டும். 127-லிருந்து 21-ஐ ஒரு முறையும் 3-ஐ இரு முறையும் எடுத்தால் சரி. இதே வழியில் தீரும் கணக்குகளை வரிசையாகக் கொடுத்துவிட்டு, 23, 49, 3 ஜாடிகளை வைத்து 20 அளவு கேட்பார். 23-லிருந்து 3 போனால் 20. அவ்வளவுதான். ஆனால் பழகியவர்களில் பெரும்பாலோர் 49-லிருந்து 23-ஐ எடுத்து, பிறகு இரண்டு மூன்றை எடுத்தார்கள். அதுவும் 20 தருகிறது என்பதால் சந்தேகமே வரவில்லை. நம் வேலையில் பழைய வழி பாதி குணம் காட்டும்போது இதுதான் நடக்கிறது. பின்பக்க பேரிங் நின்றுவிடும், முன்பக்கம் போகும், "சரி, இது பெல்ட்டால்" என்று கோப்பை மூடிவிடுவோம்.

---

நிலைமின் | செவ்வாய், காலை 7:15

மல்டிமீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண மீட்டரின் ஏ.சி. ரேஞ்ச் சில நூறு ஹெர்ட்ஸ், மிஞ்சினால் சில கிலோஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம். இங்கே பொறி விழுவது மைக்ரோ செகண்டுக்கும் குறைந்த நேரத்தில். மீட்டர் அதைச் சராசரியாக்கி ஒன்றுமில்லை என்று காட்டும். "மீட்டர் பார்க்கவில்லை" என்பதை "இல்லை" என்று படித்துவிட்டார்கள்.

தேவை ஆசிலோஸ்கோப், 100 மெகாஹெர்ட்ஸ், பேட்டரியில் ஓடும் கையடக்க மாடல் நல்லது. 10:1 புரோப். ஓடும் ஷாஃப்டைத் தொட, புரோப் நுனியில் கார்பன் ஃபைபர் தூரிகை மாட்ட வேண்டும். செம்பு மல்டிஸ்ட்ராண்ட் வயரைப் பிரித்துத் துடைப்பம் மாதிரி கட்டினாலும் சோதனைக்குப் போதும், கொஞ்சம் குதிக்கும். கிரவுண்ட் கிளிப்பை மோட்டார் பாடியில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் மாட்டுங்கள். பெல்ட் கார்டைக் கழற்ற வேண்டாம். ஷாஃப்ட் நுனிக்கு நேரே கார்டில் ஓர் ஓட்டை போட்டு, இன்சுலேட்டட் கம்பியில் புரோப்பைக் கட்டி அந்த வழியாகத் தொடுங்கள். கையை உள்ளே விடவே கூடாது.

திரையில் வோல்டேஜ் படிப்படியாக ஏறி, உச்சியிலிருந்து செங்குத்தாகப் பூஜ்யத்துக்கு விழுந்தால் ஒவ்வொரு விழுச்சியும் ஒரு பொறி. ஏறுவதும் இறங்குவதும் படிகளாகவே இருந்தால் படலம் தாங்குகிறது. எப்போதும் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தால் இரண்டு அர்த்தம் உண்டு: சார்ஜ் இல்லை, அல்லது பேரிங் ஏற்கெனவே கெட்டு உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. ஆகவே புது பேரிங் மாட்டி, சூடேறி, படலம் பிடித்தபின் அளப்பதே நல்லது.

பழைய ஸ்டார்-டெல்டா ஸ்டார்டர் பைபாஸில் இருந்தால் அதுதான் உங்களுக்குக் கிடைத்த பொக்கிஷம். அதே மோட்டார், அதே பெல்ட், அதே பேரிங், அதே எர்த். டிரைவ் மட்டும் இல்லாமல் அரை மணி நேரம் ஓட்டி அதே இடத்தில் அளங்கள். அலை மறைந்தால் வாதம் முடிந்தது. மாற்றும்போது டிரைவ் அவுட்புட் கான்டாக்டர் திறந்திருப்பதை உறுதிசெய்யுங்கள். சப்ளை பின்வழியாக டிரைவுக்குள் போனால் அதன் மின்னணு சுவிட்ச்சான ஐ.ஜி.பி.டி. போய்விடும்.

ஒரு கருவி "ஒன்றுமில்லை" என்கிறது, பேரிங் "இருக்கிறது" என்கிறது. இதே நிலைமை ஹப்பிள் தொலைநோக்கிக்கு நடந்தது. 2.4 மீட்டர் கண்ணாடியைத் தேய்க்கும்போது மூன்று சோதனைக் கருவிகள் இருந்தன. மிகத் துல்லியமானது என்று நம்பியது "எல்லாம் சரி" என்றது. துல்லியம் குறைந்த மற்ற இரண்டும் வடிவம் தவறு என்று காட்டின. குறைந்த கருவிகள்தானே என்று அந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டார்கள். 1990 ஏப்ரலில் மேலே போனபிறகு படம் மங்கல். விசாரணையில் தெரிந்தது: அந்தத் துல்லியமான கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. தள்ளி உட்கார்ந்திருந்தது. இடைவெளி அளக்கும் கம்பியின் மூடியில் பூச்சு உரிந்த ஓர் இடத்தில் ஒளி பட்டுத் திரும்பியதால் அளவு பிசகிவிட்டது. கண்ணாடியின் விளிம்பு 2.2 மைக்ரான் தட்டையாகிப்போனது. துல்லியமாகத் தவறு செய்யும் கருவியும் உண்டு. அந்த 1 வோல்ட்கூட வராத ரீடிங்கை யாராவது திரும்பக் காட்டினால் இதைச் சொல்லுங்கள்.

அதன் மறுபாதிதான் எனக்கு இன்னும் பிடித்தது. தவறு எவ்வளவு என்று அச்சொட்டாகத் தெரிந்ததால், அதே அளவுக்கு எதிர்த் தவறு உள்ள சின்னக் கண்ணாடிகளைச் செய்ய முடிந்தது. அவற்றை உள்ளே எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது என்பது பெரிய முட்டுக்கட்டை. ஜேம்ஸ் கிராக்கர் என்ற பொறியாளர் ஜெர்மனியில் விடுதிக் குளியலறையில், கம்பியில் மேலும் கீழும் நகர்ந்து மடங்கும் ஷவரைப் பார்த்துத்தான் மடக்கு கைகளில் கண்ணாடியை நீட்டும் யோசனையைப் பிடித்தார். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் அதைப் பொருத்தினார்கள். ஷவரைத் தினமும் கோடிப் பேர் பார்க்கிறார்கள். அவருக்கு மட்டும் அது விடையாகத் தெரிந்தது, என்ன தேவை என்று மி.மீ. கணக்கில் மனதில் இருந்ததால்தான்.

---

வரைபலகை | செவ்வாய், காலை 11:50

நோய் என்ன என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது. இனி "என்ன பொருள் வாங்கலாம்" என்று பட்டியல் போடுவதற்கு முன் முரண்பாட்டை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள்:

"ரோட்டாரில் ஏறிய சார்ஜ் பாடிக்கு இறங்கியே ஆக வேண்டும், ஆனால் பேரிங் வழியாக இறங்கக் கூடாது."

இப்படி எழுதும் பழக்கத்தை ஒரு முறையாக்கியவர் கென்ரிக் ஆல்ட்ஷுல்லர். பாக்கூவில் கடற்படையின் காப்புரிமைப் பிரிவில் இருந்தபோது 1946-ல் தொடங்கினார். ஆயிரக்கணக்கான காப்புரிமைகளைப் படித்து, நல்ல கண்டுபிடிப்புகள் எல்லாமே ஏதோ ஒரு முரண்பாட்டைச் சமரசம் செய்யாமல் தீர்ப்பதைக் கண்டார். 40 உத்திகள், 39 அளவுருக்கள் கொண்ட அட்டவணை அவரிடமிருந்து வந்ததுதான். எனக்குப் பயன்படுவது அதில் ஒரு சின்னப் பகுதி. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு தேவைகளை நேரத்தால் பிரிக்கலாம், இடத்தால் பிரிக்கலாம், நிலைமையால் பிரிக்கலாம்.

நம் மோட்டாருக்குள்ளேயே இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. ஸ்டார்ட் ஆகும்போது ரோட்டாரின் ரெசிஸ்டன்ஸ் அதிகமாக வேண்டும். அப்போதுதான் கரண்ட் குறைந்து டார்க் கூடும். ஓடும்போது ரெசிஸ்டன்ஸ் குறைவாக வேண்டும். இல்லாவிட்டால் சூடும் ஸ்லிப்பும் (ரோட்டார் வேகத்தில் பின்தங்குவது) கூடும். சமரசம் செய்தால் இரண்டும் பாதிப் பாதி கெடும். ஸ்லிப் ரிங் மோட்டார் இதை நேரத்தால் பிரித்தது: தொடக்கத்தில் வெளி ரெசிஸ்டன்ஸ், பிறகு ஷார்ட். வேலை நடக்கும், ஆனால் ரிங், பிரஷ், ரெசிஸ்டர் பெட்டி எல்லாம் வேண்டும்.

ஆழமான பார் (உள்ளே பதிந்த அலுமினியக் கம்பி) கொண்ட ரோட்டார் அதையே நிலைமையால் பிரிக்கிறது. மோட்டார் நிற்கும்போது ரோட்டாரில் ஓடும் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் அலுமினியத்துக்குள் கரண்ட் ஏறக்குறைய 12 மி.மீ. ஆழம்தான் இறங்கும். ஸ்லாட்டுக்குள் இருக்கும் பாரில் அது மேல்விளிம்புக்கு ஒதுங்கிவிடும். பாரின் கொஞ்சப் பகுதிதான் வேலை செய்கிறது, ஆகவே ரெசிஸ்டன்ஸ் அதிகம். வேகம் பிடித்ததும் ரோட்டார் கரண்ட் ஒன்று, ஒன்றரை ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். அப்போது ஊடுருவும் ஆழம் 70, 80 மி.மீ. முழு பாரும் கரண்டைச் சுமக்கும், ரெசிஸ்டன்ஸ் தானாகக் குறையும். சுவிட்ச் இல்லை, பிரஷ் இல்லை, ஒரு பைசா கூடுதல் பொருள் இல்லை. பாரின் வடிவம் மட்டும் மாறியது. மாற்றத்தைச் செய்வது ஏற்கெனவே அங்கே இருக்கிற ஸ்லிப் அதிர்வெண். இயந்திரத்துக்குள் சும்மா கிடப்பதை வேலைக்கு எடுப்பது என்றால் இதுதான். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்காத ஒன்று.

சரி, நம் வரிக்கு வருவோம். சார்ஜ் இறங்க வேண்டும், பேரிங் வழியாகக் கூடாது. இடத்தால் பிரித்தால், பேரிங்கைவிட எளிதான வேறொரு பாதை: ஷாஃப்ட் கிரவுண்டிங் ரிங் (ஃபைபர் நுனிகளால் ஷாஃப்டைத் தொடும் வளையம்), அல்லது கார்பன் பிரஷ். நிலைமையால் என்றால் பந்து கரண்ட் கடத்தாத பொருள்: சிலிக்கான் நைட்ரைடு பந்து போட்ட ஹைபிரிட் பேரிங், இரண்டு பக்கமும். மூலத்தையே குறைப்பதென்றால் டிரைவின் கேரியர் ஃப்ரீக்வென்சி (அது சுவிட்ச் ஆகும் வேகம்), காமன் மோடு கோர் (ஃபேஸ் கம்பிகளைச் சுற்றி மாட்டும் காந்த வளையம்). இதில் கடைசிக்கு முந்தியதற்குக் காசே தேவையில்லை. உங்கள் டிரைவில் இப்போது எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

---

ஈரோடு_ஷிஃப்ட் | செவ்வாய், மதியம் 2:20

பாராமீட்டர் பார்த்தேன். கேரியர் 12 கிலோஹெர்ட்ஸ். சத்தம் வரக்கூடாது என்று கமிஷனிங்கில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஸ்டார்-டெல்டா பைபாஸ் இருக்கிறது. ஸ்கோப் வாடகைக்கு ஏற்பாடு செய்கிறேன்.

ஒரு கேள்வி: கரண்ட் கடத்தும் கிரீஸ் என்று ஒன்று கிடைக்கிறதாமே? அதைப் போட்டால் சார்ஜ் பொறியில்லாமல் இறங்கிவிடாதா?

---

கோவை_வைண்டர் | செவ்வாய், மாலை 6:40

அந்த கிரீஸ் வேண்டாங்க. கேக்குறதுக்கு நல்ல யோசனைதான். ஆனா கடத்துறதுக்காக அதுல கலந்திருக்கிற தூளே தடத்துல தேய்மானம் கொடுக்கும். நாளாக நாளாகக் கடத்துறதும் குறையும். வரைபலகை சார் எழுதின வரியைப் பாருங்க, "பேரிங் வழியாகக் கூடாது"ன்னு இருக்கு. இது பேரிங் வழியாத்தானே விடுது?

22 கிலோவாட்டுக்குப் பின்பக்க இன்சுலேஷன் மட்டும் பத்தாதுங்கிறது புரிஞ்சுது. ரிங் போடுறதுன்னா செய்முறையைச் சொல்றேன், அங்கதான் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க.

180 எல் ஃபிரேமுக்குப் புல்லி பக்க ஷாஃப்ட் 48 மி.மீ. எண்ட் கவருக்கும் புல்லிக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு மொதல்ல அளங்க. ரிங் ஏறக்குறைய 8 மி.மீ. தடிமன் வரும். கீ-வே மேல ஃபைபர் உட்காரக் கூடாது. ஒவ்வொரு சுத்துக்கும் வெட்டிடும். இடம் இல்லாம கீ-வே மேலதான் வருதுன்னா எபாக்சி புட்டி அடைச்சு, ஷாஃப்ட் வட்டத்துக்குத் தேய்ச்சு விடணும்.

ஷாஃப்டுல பெயின்ட், துரு, ஆன்ட்டி-ரஸ்ட் பூச்சு எதுவும் இருக்கக் கூடாது. எமரி பேப்பர்ல வெள்ளை உலோகம் தெரியத் தேய்ச்சு, சால்வன்ட்ல துடைச்சு, வெள்ளி கலந்த கடத்தும் பூச்சு ஒண்ணு வருது, அதை ரிங் ஓடுற இடத்துல தடவுங்க. ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் பக்கத்துல ஈரம் இருக்கும், இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், அதனால இதை விடாதீங்க.

ரிங்கை ஸ்க்ரூ போட்டுப் பிடிக்கிறதுதான் நல்லது. ஒட்டுறதா இருந்தா கடத்தும் எபாக்சிதான். சாதாரண எபாக்சி போட்டா ரிங் அந்தரத்துல நிக்கும், பிரயோஜனம் இல்லை. எண்ட் கவர்ல பெயின்ட்டைச் சுரண்டிட்டு மாட்டுங்க. மாட்டினப்புறம் ரிங் உடம்புக்கும் மோட்டார் பாடிக்கும் ஓம் பாருங்க, 2 ஓமுக்குக் கீழ இருக்கணும்.

பஞ்சு இன்னொரு தொல்லை. ஃபைபர்ல பஞ்சு சிக்கும். ரிங்குக்கு வெளிப்பக்கம் ரப்பர் வி-ரிங் சீல் ஒண்ணு போட்டு மறைங்க. முடிஞ்சா மோட்டாரை ஓவர்ஹாலுக்குப் பிரிக்கிறப்போ ரிங்கை எண்ட் கவருக்கு உள்ளயே வெச்சுடலாம், அதுதான் நெடுநாள் நிக்கும். ஆனா அப்போ கிரீஸ் பீச்சி அடிக்கக் கூடாது, ஃபைபர் நனைஞ்சா கடத்தாது.

---

தாமிரச்சுருள் | செவ்வாய், இரவு 10:05

ரிங் போட்டால் ரோட்டார் சார்ஜுக்கு வழி கிடைக்கும். அதோடு கேபிளையும் பார்க்க வேண்டும். டிரைவிலிருந்து மோட்டாருக்கு என்ன கேபிள்? ஸ்டார்-டெல்டா காலத்தில் இழுத்த மூன்றரை கோர் (மூன்று ஃபேஸ் கம்பி, மெல்லிய நாலாவது ஒன்று) அலுமினியம் ஆர்மர்டு (மேலே இரும்பு உறை போட்ட) கேபிளில் ஒன்றை வைத்து ஓட்டுவது மில்களில் சகஜம். அந்த அரை கோரை எர்த்தாகப் போட்டிருந்தால், அது மூன்று ஃபேஸுக்கும் சம தூரத்தில் இல்லை. அதில் வோல்டேஜ் தூண்டப்படும். காமன் மோடு கரண்டும் திரும்ப நல்ல வழியில்லாமல் மோட்டார் பாடி, பெட், கட்டடத்து இரும்பு என்று அலையும். மோட்டார் பாடியே உயர் அதிர்வெண்ணில் எர்த்தைவிட மேலே ஏறி நிற்கும். அப்போது கரண்ட் ஷாஃப்ட் வழியாக ஓட்டப்படும் மெஷினுக்கு இறங்கப் பார்க்கும். உங்களுக்குப் பெல்ட் இருப்பதால் அந்தப் பாதை பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. நேரடிக் கப்ளிங்கில் இருக்கும் மற்ற மோட்டார்களில் ஃபேன் பேரிங்கே போகும், அங்கே கவனியுங்கள்.

சரியான கேபிள்: மூன்று ஃபேஸ், நடுவே சம இடைவெளியில் மூன்று எர்த் கோர், மேலே செம்பு ஸ்கிரீன். ஸ்கிரீனை இரண்டு முனையிலும் 360 டிகிரி பிடிக்கும் கிளாண்டில் (கேபிள் நுழையும் இடத்து உலோகப் பிடிப்பில்) முடிக்க வேண்டும். ஸ்கிரீனை முறுக்கி வாலாக்கி ஒரு போல்ட்டில் கட்டினால் உயர் அதிர்வெண்ணுக்கு அது நீண்ட காயில் மாதிரி தடுக்கும். ஸ்கிரீன் இருந்தும் இல்லாத கதை. பேனலில் கிளாண்ட் பிளேட் பெயின்ட் அடித்திருக்கும். கிளாண்ட் உட்காரும் வட்டத்தைச் சுரண்டுங்கள்.

புது கேபிளுக்கு உடனே அனுமதி கிடைக்காது என்றால், இருக்கும் ஆர்மரை இரண்டு முனையிலும் கிளாண்டில் நன்றாகப் பிடித்து, மோட்டார் பாடியிலிருந்து பெட்டுக்குத் தட்டையான பின்னல் செம்புப் பட்டை போடுங்கள். குட்டையாக, அகலமாக, நீளம் அகலத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. உருண்டை வயர் மெகாஹெர்ட்ஸில் எர்த்தாக உதவாது.

காமன் மோடு கோர் போடுவதாக இருந்தால் மூன்று ஃபேஸும் சேர்ந்து கோருக்குள் போக வேண்டும், எர்த் வெளியே. எர்த்தையும் உள்ளே விட்டால் பலன் அழிந்துவிடும். "சைன் ஃபில்டர் போடுங்கள், எல்லாம் தீரும்" என்று விற்பவர்கள் வருவார்கள். சாதாரண சைன் ஃபில்டர் ஃபேஸுக்கு ஃபேஸ் உள்ள அலையைத்தான் சீராக்கும். காமன் மோடு அப்படியே கடந்து போகும். டேட்டா ஷீட்டில் காமன் மோடு என்று தனியாக எழுதியிருக்கிறதா பாருங்கள்.

---

ஈரோடு_ஷிஃப்ட் | வெள்ளி, மாலை 4:30

ஸ்கோப் வந்தது. புது பேரிங் போட்டு ஒரு நாள் ஓடிய பிறகு, 40 ஹெர்ட்ஸில், கார்டு ஓட்டை வழியாக அளந்தோம்.

டிரைவில், 12 கிலோஹெர்ட்ஸ் கேரியர்: உச்சி 18 வோல்ட் வரை ஏறி, செங்குத்தாக விழுகிறது. ஒரு திரைக்குள்ளேயே பல விழுச்சி. கேரியரை 4 ஆக்கினோம்: உச்சி மாறவில்லை, விழுச்சிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. மோட்டார் கீச்சென்று சத்தம் போடுகிறது, பிளான்ட் ரூமில் அது பரவாயில்லை. பைபாஸில் 50 ஹெர்ட்ஸ்: கோடு கிட்டத்தட்ட நேராக, விழுச்சி ஒன்றுகூட இல்லை.

எலக்ட்ரிகல் பக்கத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கேபிள் மூன்றரை கோர்தான். பேனல் பக்கம் ஆர்மர் வெட்டி அந்தரத்தில் விட்டிருக்கிறது. ரிங், பின்னல் பட்டை, கிளாண்ட் மூன்றையும் ஒரே ஷட்டவுனில் போடலாமா, ஒவ்வொன்றாகவா? எது வேலை செய்தது என்று தெரிய வேண்டும் என்கிறார் எங்கள் இன்ஜினியர்.

---

அதிர்வுமானி | வெள்ளி, மாலை 5:45

பேரிங் ஆயுளை வைத்துத் தீர்மானிப்பதாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் அவர் சொல்வது நியாயம். ஆனால் உங்கள் கையில் ஸ்கோப் இருக்கிறதே. ஒரே ஷட்டவுனில் செய்யுங்கள், வரிசை மட்டும் இப்படி: முதலில் ஆர்மரும் பட்டையும். ஓட்டி, ஷாஃப்ட் வோல்டேஜ் ஒரு படம். நிறுத்தி, ரிங் மாட்டி, ஓட்டி, இன்னொரு படம். ஒவ்வொன்றின் பங்கும் அன்றே தெரிந்துவிடும்.

---

நிலைமின் | வெள்ளி, இரவு 7:20

அதையேதான் சொல்ல வந்தேன். ஒரு எச்சரிக்கை: எர்த் சரிசெய்ததும் ஷாஃப்ட் வோல்டேஜ் பெரிதாகக் குறையாமல் போகலாம். அதை வைத்து "எர்த் வேலை வீண்" என்று எழுதிவிடாதீர்கள். பாடிக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே நீங்கள் அளப்பது கெப்பாசிட்டர் வழியாக ஏறிய சார்ஜ். எர்த் வேலை குறைப்பது பாடி எர்த்தைவிட மேலே எழும்புவதை. அதைத் தனியாக, மோட்டார் பாடிக்கும் கட்டடத்து இரும்புக்கும் நடுவே, முன்னும் பின்னும் அளங்கள். ரிங்கின் பலன் மட்டும் ஷாஃப்டில் தெரியும். 18 இருந்த இடத்தில் ஓரிரண்டு வோல்ட்டுக்கு இறங்கி, செங்குத்து விழுச்சிகள் மறைய வேண்டும்.

---

கோவை_வைண்டர் | வெள்ளி, இரவு 8:30

மூணாவது மாசம் ரிங்கைப் பார்த்துடுங்க. ஃபைபர் மேல பஞ்சு, எண்ணெய் ஏறியிருந்தா உலர்ந்த காத்துல ஊதுங்க, பிரஷ் போட்டுத் தேய்க்காதீங்க. ஷாஃப்டுல ரிங் ஓடின தடம் கறுத்திருந்தா தப்பில்லை; துரு தெரிஞ்சா பூச்சு மறுபடி போடணும்.

---

அதிர்வுமானி | வெள்ளி, இரவு 9:10

அதே நாளில் அதிர்வும் எடுத்துவிடுங்கள். 6310-ல் 8 பந்து. 40 ஹெர்ட்ஸில் மோட்டார் வினாடிக்கு 19.6 சுற்று. அவுட்டர் ரேஸ் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். என்வலப் ஸ்பெக்ட்ரத்தில் (பேரிங் அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் படத்தில்) 60, 120, 180 என்று வரிசையாகத் தலை தூக்கினால் கோடு விழ ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். காதுக்குச் சத்தம் கேட்பதற்கு வெகு முன்பே அது தெரியும். புது பேரிங் ஓடும் இந்த வாரமே ஒரு ரீடிங் எடுத்து, அளந்த இடத்தைப் பஞ்ச் அடித்துக் குறித்து வையுங்கள். அடுத்த தடவையும் அதே புள்ளியில், அதே 40 ஹெர்ட்ஸில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.